மஞ்சள் படாத மூன்றாம் பக்கம்

நேற்றைய நூலகர் பயிற்சியில் உங்களுக்குக் கொடுத்த கட்டுரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது நான்தான். அச்சிலேயே அப்படி வந்தது என்று சிலர் நினைத்திருக்கிறீர்கள். முன்பு யாரோ படித்தவர் போட்டிருப்பார் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் கேட்டது. எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வைத்தியர் கேட்ட கேள்விக்கு அந்தக் கட்டுரையிலிருந்து பதில் எழுதித் தாருங்கள் என்று ஒரு மணி நேரம் தந்தேன். பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் மஞ்சளில் இருந்த வரியையே அழகான கையெழுத்தில் எழுதித் தந்துவிட்டீர்கள். இருபது நிமிடத்தில் முடித்து, தேநீர் குடிக்கப் போனவர்களும் உண்டு. மூன்றாம் பக்கத்தைத் திருப்பியவர்கள் மூன்றே பேர். அந்த மூவரும் பெருமைப்பட வேண்டாம். அவர்களில் ஒருவர் புழுக்கத்துக்குக் கட்டுரையை விசிறியாகப் பாவித்தபோதுதான் அந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டது.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அது தணிந்துவிட்டது. நீங்கள் ஒரு கோட்டை நம்பினீர்கள், அவ்வளவுதான். நான் அந்தக் கோட்டைப் போட்டவள். அதுவும் பயிற்சிக்காக அல்ல, உண்மையிலேயே, உயிரோடு கட்டிலில் கிடந்த ஒரு மனுஷிக்காகப் போட்டவள்.

பயிற்சிக் கையேட்டுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தேடல் முறைகளைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது ஒரு பொத்தானை அமுக்கினால் பத்துக் கட்டுரைகளைச் சுருக்கிக் கொடுக்கும் கணினியும் இருக்கிறது. நான் அந்தக் கட்டிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நோயாளியை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட வைத்தியரிடம் கேட்டுக்கொண்டேன். எழுதுங்கோ மிஸ், என்னையும் சேத்து எழுதுங்கோ என்றார்.

கண்டியில் ஒரு வைத்தியசாலை நூலகத்தில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் மடுல்கெல்ல. வைத்தியர்களும் தாதிகளும் என்னை லைப்ரரி மிஸ் என்பார்கள். எங்கள் நூலகம் கீழ்த்தளத்தில், மருந்துக் களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மருந்து வாடையும், மழை பெய்தால் பக்கத்து மதிலின் பாசி வாடையும் வரும். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள். உட்காராமலே கேள்வி கேட்பார்கள். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சொல்லாமலே பழகிவந்த வழக்கம். நான் அதையும் தாண்டி ஒரு படி போனேன். கட்டுரையைத் தேடி, அச்செடுத்து, அவர்கள் தேடிய பதில் இருக்கும் வரிக்கு மஞ்சள் கோடு போட்டுக் கொடுப்பேன்.

அந்தக் கோட்டுக்கு நல்ல பெயர் இருந்தது. சிங்கள வைத்தியர்கள், தமிழ் வைத்தியர்கள், முஸ்லிம் வைத்தியர்கள் எல்லாரும் அதைக் கேட்டு வாங்குவார்கள். ஒருநாள் கன்டீனில் ஒரு வைத்தியர் இன்னொருவரிடம், லைப்ரரி மிஸ் கோடு போட்டால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை என்று சொல்வதைக் கேட்டேன். அன்று முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படத் தெரியவில்லை.

சம்பவம் நடந்த நாளில் யாழ்ப்பாணத்து இளம் வைத்தியர் ஒருவர் காலை ஏழரைக்கு, நான் கதவைத் திறந்த கையோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மிஸ், ஒரு அவசரம். நேற்றுப் பின்னேரம் ஒரு அம்மா வந்தவ. காலிலை புண், கிருமி ஏறிக் காய்ச்சல். வெளியிலை ஒரு கிழமை மருந்து எடுத்திருக்கிறா, ஒண்டுக்கும் கேக்கேல்லை. வேறை ஊசி துடங்கப் போறம். அதை நாளுக்கு ஒருக்காப் பெரிசாக் குடுக்கிறதோ, பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கிறதோ எண்டு பாக்க வேணும்."

"வயசு எத்தனை டொக்டர்?"

"அம்பத்தஞ்சு இருக்கும். சீனி வருத்தம் இருக்கு. வேறை ஒண்டும் சொல்லுற நிலையிலை இல்லை, காய்ச்சலிலை அனுங்கிக்கொண்டு கிடக்கிறா. இரத்தம் அனுப்பியிருக்கு, ரிப்போட் பகலுக்குத்தான் வரும். ஒன்பதரைக்குப் பெரிய டொக்டர் ரவுண்ட் வருவார், அதுக்கு முந்தித் துடங்க வேணும். நீங்கள் வழமை மாதிரிக் கோடு போட்டுத் தந்தால் காணும் மிஸ். வாசிக்க நேரமில்லை."

நான் வயதை மட்டும் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். அந்த அம்மாவுக்கு வேறு என்ன இருக்கக்கூடும், எது தெரியாமல் இருக்கிறது, தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோமா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

கட்டுரை சீக்கிரம் கிடைத்தது. நல்ல இடத்தில் வெளியான நல்ல கட்டுரை. முதல் பக்கத்திலேயே முடிவு இருந்தது: ஒரே தடவையில் பெரிதாகக் கொடுப்பது பிரித்துக் கொடுப்பதைவிடப் பலனில் குறைந்ததல்ல, பாதுகாப்பானது. கேட்ட கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த பதில். மஞ்சள் பேனையை எடுத்து ஒரே இழுப்பில் கோடு போட்டேன்.

அப்போது ரிஸ்னா என்று ஒரு பிள்ளை என்னிடம் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள். திகனயிலிருந்து வருகிறவள். எதையும் நிதானமாகச் செய்வாள். எனக்கு அது பொறுமையைச் சோதிக்கிற நிதானமாக இருந்தது. தாள்களை அடுக்கிப் பின் அடிக்கக் கொடுத்தேன். அவள் அடிக்காமல் புரட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ், மூணாம் பக்கத்துல சின்ன எழுத்துல ஒண்டு ஈக்கிதே. கிட்னி பலவீனமான ஆக்கள இதுல சேக்கவே இல்லயாம். இதுக்கும் கோடு போடவா?"

"எல்லாத்துக்கும் கோடு போட்டா, கோடு எதுக்கு?" என்றேன்.

அவள் பின் அடித்துக் கொடுத்துவிட்டாள். நான் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அப்போது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாய் சாமர்த்தியமாகப் பேசிவிட்டால் மூளை வேலை முடிந்தது என்று ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. வைத்தியர் எட்டு மணிக்கு வந்து, மஞ்சள் வரியை நின்றபடியே படித்து, நன்றி சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார்.

ஒன்பதரை மணியளவில் நூலக வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் தலையை நீட்டினார்.

"மிஸ், நீங்க தமிழ் ஆளுன்னு கேட்டுல நிக்கிறவரு சொன்னாரு. உள்ள வரலாமா?"

"வாங்க. செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க."

அவர் செருப்பைப் போடவுமில்லை, நான் காட்டிய கதிரையில் உட்காரவுமில்லை. ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். மனைவிக்கு நேற்றுக் காய்ச்சல் கூடியபோது அவர் வீட்டில் இல்லை. லயத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள்தான் தோட்டத்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள்.

"அவசரத்துல கிளினிக் கொப்பிய யாரும் எடுக்கல மிஸ். நான் காலையில மொத பஸ்ஸுல எடுத்துக்கிட்டு வந்தேன். பொம்பளைங்க வார்டாம், பன்னெண்டு மணிக்குத்தான் விடுவாங்களாம். அதுக்கு முந்தி இத யாருகிட்டயாவது குடுத்தா நல்லதுன்னு மனசு சொல்லுது."

கிளினிக் கொப்பி என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரவுண் தாள் போட்டு, பொலித்தீன் உறையும் போட்டு, அடையாள அட்டையைவிடப் பத்திரமாக எங்கள் மக்கள் வைத்திருக்கும் கொப்பி. அது வீட்டு அலுமாரியில் தங்கிவிட்டால் நோயாளியின் பாதி வரலாறு அலுமாரியில் தங்கிவிட்டது என்று அர்த்தம்.

"என்ன கிளினிக்குங்க?"

"கிட்னி கிளினிக் மிஸ். ரெண்டு வருசமா மாசா மாசம் போகுது. புண்ணு இப்ப வந்ததுதான்."

"உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் கால்லயா புண்ணு? ஊசி மாத்தப் போறதா சொன்னாங்களா?"

"கால்லதான். ஊசி பத்தியெல்லாம் தெரியாது. பதினோராம் கட்டில்னு கேட்டுல சொன்னாங்க."

கொப்பியை வாங்கித் திறந்தேன். எண்கள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டு வந்திருந்தது மட்டும் விளங்கியது. நடுவில் ஒரு பக்கத்தில் கிளினிக் வைத்தியர், சிறுநீரகம் பலவீனம், மருந்து கொடுக்கும்போது கவனிக்கவும் என்று நீல மையில் எழுதியிருந்தார். மற்ற வரிகளோடு ஒரு வரியாக அது இருந்தது. ரிஸ்னாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வைத்தியரின் கைத்தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி வார்டு, மறுபடி எங்கேஜ் சத்தம். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வைத்தியம் பார்ப்பது நூலகரின் வேலையல்ல என்று முதலில் நினைத்தேன். இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பது வைத்தியர்களுக்குத் தெரியாத விஷயமா, ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பார்கள் என்று அடுத்ததாக நினைத்தேன். இரண்டும் நியாயமான யோசனைகள்தான். ஆனால் இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. மேலே போனால், கோடு போட்டது நான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த நிமிடம் என்னைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். மற்ற இரண்டும் அதற்குப் போர்த்திய துணி. உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். நியாயமான காரணங்கள் வரிசையாக வரும்போது, கடைசியாக வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பது எது என்று பாருங்கள்.

"மிஸ், நிக்கிற நேரமில்ல இது. போங்க. இவர நான் பாத்துக்கிறன்" என்றாள் ரிஸ்னா.

"கொப்பிய நான் கொண்டு போறேன்" என்று அவரிடம் சொன்னேன்.

"திருப்பிக் கெடைக்கும்தானே மிஸ்? அது ஒன்னுதான் இருக்கு."

"கட்டாயம் கிடைக்கும்."

மூன்று மாடி. லிஃப்டுக்கு வரிசை நின்றது. படியில் ஏறினேன். அந்த வயதில் மூட்டுவலியோடு நான் படியில் ஓடியதைப் பார்த்த சிற்றூழியர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள். வார்டு வாசலில் சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். ரவுண்ட் நடக்கும்போது நூலகர் ஒருத்தி வார்டுக்குள் நுழைந்ததாக எங்கள் வைத்தியசாலையில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். அவர் முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார்.

விசேட வைத்திய நிபுணர் ஆறாம் கட்டிலருகே நின்றார். சுற்றிலும் ஏழெட்டு வைத்தியர்கள். அதிகம் பேசாதவர், பேசினால் மறக்க முடியாதபடி பேசுகிறவர் என்று பெயர். என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். மூச்சு வாங்கியபடி நானும் சிங்களத்தில் சொன்னேன்.

"பதினோராம் கட்டில் நோயாளிக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது, சேர். இது அவருடைய கிளினிக் கொப்பி, கணவர் இப்போதுதான் கொண்டுவந்தார். காலையில் நான் கொடுத்த கட்டுரை அவருக்குப் பொருந்தாது."

யாழ்ப்பாணத்து வைத்தியரின் முகம் வெளுத்தது. முதல் ஊசி ஒன்பது மணிக்கே போட்டாகிவிட்டது. பெரிய ஊசி.

நிபுணர் நின்ற இடத்திலேயே கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு பதினோராம் கட்டிலுக்கு நடந்தார். அடுத்த ஊசியை நிறுத்தச் சொன்னார், இரத்த அறிக்கையை உடனே கேட்டு வாங்கச் சொன்னார், சேலைன் பற்றி ஏதோ சொன்னார். எல்லாம் நிதானமான குரலில். அதன் பிறகு இளம் வைத்தியரிடம் கையை நீட்டி அந்தக் கட்டுரையை வாங்கினார்.

"இந்தக் கோடு யார் போட்டது?"

இளம் வைத்தியர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நான்தான், சேர்" என்று முந்திக்கொண்டேன்.

நிபுணர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவதைத் திருப்பினார். மூன்றாவதில் சிறிய எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்தப் பக்கம் வரும்போது உங்கள் பேனையில் மை முடிந்துவிட்டதா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கட்டிலில் அந்த அம்மா கண்ணைப் பாதி திறந்து எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ஈரத்துணி. போர்வைக்கு வெளியே பெரிய கட்டோடு ஒரு கால்.

நான் கீழே இறங்கி வந்தபோது கணவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ரிஸ்னா ஊற்றிக் கொடுத்த தேநீர் மேசையில் ஆறிப்போயிருந்தது.

"கொப்பி டொக்டர்கிட்ட இருக்கு. பன்னெண்டு மணிக்கு உங்க கைக்கு வரும்" என்றேன்.

"சரியான நேரத்துக்குத்தான் கொண்டாந்தேனா மிஸ்?"

"ஆமா" என்றேன்.

அந்த அம்மா மூன்று கிழமைக்கு மேல் வைத்தியசாலையில் இருந்தார். முதல் சில நாட்கள் எண்கள் மளமளவென்று ஏறின. இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டி வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். சஞ்சிகை கொடுக்கிற சாக்கில் நான் தினமும் மூன்றாம் மாடிக்குப் போனேன். அந்த வார்டுக்கு அவ்வளவு சஞ்சிகைகள் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. மெல்ல மெல்ல எண்கள் இறங்கின, காயமும் ஆறத் தொடங்கியது. மெஷின் தேவைப்படவில்லை.

கிருமி ஏறிய காய்ச்சலே இந்தளவு செய்யும், ஒரு ஊசிதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று நிபுணர் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். ஊசி காரணமில்லை என்றும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். நான் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பார்த்தீர்களா, காதால் கேட்டதிலும் எனக்கு வேண்டிய வரிக்குத்தான் கோடு போட்டிருக்கிறேன்.

இளம் வைத்தியர் நூலகத்துக்கு வந்து, என்றைக்கும் இல்லாதபடி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்கள் இதைத் தலையிலை போட்டுக்கொண்டு திரியாதேங்கோ மிஸ். ரிப்போட் வர முந்தித் துடங்கினது நான். முழுக்க வாசிச்சிருக்க வேண்டியதும் நான்தான். அது என்ர வேலை."

"நீங்க வாசிக்கத் தேவையில்லன்னு ஆக்கினது நான், டொக்டர்."

நல்ல மனுஷன். பொய்யாகத் தேற்றவில்லை.

அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று கணவர் ஒரு பை நிறையப் பட்டர்ஃப்ரூட் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நீங்க மட்டும் அன்னைக்கு ஓடலன்னா எங்க நெலம என்னாகியிருக்கும் மிஸ் என்றார். கோட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பையை வாங்கிக்கொண்டேன், நன்றி என்றும் சொன்னேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அந்தக் கோடு அல்ல. அந்தப் பையை வாங்கியதுதான். ஒரு பழம்கூட நான் சாப்பிடவில்லை. ரிஸ்னா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மஞ்சள் பேனையை அன்றோடு விட்டேன். ஒரு வீம்பில்தான் விட்டேன், ஞானத்தில் அல்ல. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டுரையை அச்செடுத்து நீட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். அதுவும் உதவியல்ல, தப்பித்தல் என்று பிறகு விளங்கியது. வைத்தியருக்கு நேரமில்லை என்பது உண்மை. அவருக்காக நாம் வாசிக்க வேண்டும் என்பதும் உண்மை. நாம் வாசித்ததில் எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரிஸ்னாதான் ஒருநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். இப்போது நீங்கள் பாவிக்கிற படிவத்தின் முதல் வடிவம் அது. மேலே முதல் வரியில், பதிலுக்கும் முன்னால், அவள் எழுதியிருந்தது: இது யாருக்குப் பொருந்தாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டுமானால் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியே ஆக வேண்டும். நோயாளியைப் பற்றி வைத்தியரிடம் நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும். எதுவுமே கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று அதே தாளில் எழுதிக் கொடுக்கலாம். வெறுங்கையோடு அனுப்புவதும் சில நேரம் ஒரு பதில்தான்.

ஆரம்பத்தில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மிஸ் இப்போது பொலிஸ் மாதிரிக் கேள்வி கேட்கிறார் என்று சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த யாழ்ப்பாணத்து வைத்தியர் மட்டும் எல்லாக் கேள்விக்கும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார். மெதுமெதுவாக மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். நேற்று ஒருவர், கணினியே இப்போது சுருக்கித் தருகிறதே மிஸ், இந்தப் படிவம் எதற்கு என்று கேட்டீர்கள். அது தருவதும் ஒரு மஞ்சள் கோடுதான் மகன். என்னுடையதைவிட வேகமாகப் போடுகிறது, அவ்வளவுதான்.

இனி, இதுவரை ரிஸ்னாவைத் தவிர யாருக்கும் தெரியாத பகுதி.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு கிளினிக் நாளில் கணவனும் மனைவியுமாக நூலகத்துக்கு வந்தார்கள். அந்த அம்மா ஒரு கம்பை ஊன்றி நடந்தார். இந்தத் தடவை இருவரும் கதிரையில் உட்கார்ந்தார்கள். கணவர் பையிலிருந்து கொப்பியை எடுத்து, நீல மையில் எழுதியிருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பக்கம் தள்ளினார்.

"மிஸ், ஒரு ஒதவி. நீங்க கோடு போட்டா டொக்டருங்க கட்டாயம் பாப்பாங்களாம், வார்டுல பேசிக்கிட்டாங்க. இதுல அந்த மஞ்சப் பேனையால ஒரு கோடு போட்டுக் குடுங்க. டொக்டர் எழுதித்தான் இருக்காரு. யாரு கண்ணுலயும் பட மாட்டேங்குது."

நான் கொப்பியைத் தொடவில்லை. ரிஸ்னா அலுமாரிக்கு அந்தப் பக்கம் புத்தகம் அடுக்குவதை நிறுத்தியது கேட்டது.

"அந்தக் கோட்டப் பத்தி நான் உங்க ரெண்டு பேருக்கும் ஒன்னு சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். மஞ்சள் வரி, மூன்றாம் பக்கம், ரிஸ்னா கேட்டது, நான் சொன்ன சாமர்த்தியமான பதில், ஒன்பது மணி ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியால்தான் உடம்பு மோசமானதா என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன், அதை எனக்குச் சாதகமாக இழுக்காமல். அன்னைக்கு நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்களான்னு கேட்டப்போ ஆமான்னு சொன்னேன், அது முழு உண்மையில்லை என்றேன். பட்டர்ஃப்ரூட்டைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கணவர் என்னைப் பார்க்கவில்லை. கொப்பியின் பொலித்தீன் உறையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் அது அவருடைய நியாயம்.

அந்த அம்மாதான் பேசினார். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"அன்னைக்கு நீங்க வந்தத நான் பாத்தேன். கட்டில் பக்கத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நின்னீங்க. சிங்களத்துல என்னமோ கேட்டாங்க, நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு பதில் சொன்னீங்க. ஏதோ என்னாலதான் இந்தப் பொம்பள ஏச்சு வாங்குதுன்னு நெனச்சேன்."

"இல்லம்மா. என்னாலதான் நீங்க..."

"வெளங்குது." கொப்பியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். "எங்க கோடு போடணும்னு இப்ப ஒங்களுக்குத் தெரியுந்தானே. போடுங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம் மஞ்சள் பேனை இல்லை. ரிஸ்னா வந்து தன்னுடையதை என் கைக்கருகில் வைத்துவிட்டுப் போனாள்.

மூடியைக் கழற்றினேன். நீல மை வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கொப்பியின் முதல் பக்கத்துக்குப் போனேன். இரண்டு வருடத்துக்கு மேல், மாதத்துக்கு ஒரு பக்கம். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு மணி ஹுன்னஸ்கிரிய பஸ் போய்விட்டது. அவர்கள் இருவரும் அந்தக் கதிரைகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.